ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்!



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நீங்கள் ஒரு போட்டிக்குப் போகிறீர்கள். அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியும் விட்டீர்கள். நடுவில் ஏழு வாரம் இருக்கிறது. அந்த ஏழு வாரத்தில் என்ன செய்வீர்கள்?

"இன்னும் பெரிதாக, இன்னும் புதிதாக ஏதாவது செய்வோம்" என்றுதானே சொல்கிறீர்கள்? என் பேத்தியும் அவள் நண்பர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அது சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். முழுவதும் படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ரோபோவைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட நான் ரோபோவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் எங்கள் வீட்டு மாடியில் நடந்த கூத்துதான்!

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியும், அவளோடு சேர்ந்து ஐந்து பிள்ளைகளும் ரோபோ போட்டிக்குப் போய் வந்தார்கள். அடுத்த சுற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஆறு பேரும் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தார்கள். பிள்ளைகளைப் பாராட்டலாமே என்று முறுக்குத் தட்டோடு படியேறினேன். அங்கே ஒரு பையன் ரோபோவின் கையைப் 'பட்'டென்று பிடுங்கிக்கொண்டிருந்தான்!

"டேய், டேய், நில்லுப்பா! ஜெயிச்ச ரோபோவை ஏன் பிரிக்கிறீங்க?"

"இது பழசு தாத்தா. அங்கே ஒரு டீம் வந்திருந்தாங்க. அவங்க ரோபோவுக்கு இவ்ளோ நீளக் கை! நாங்களும் அதே மாதிரி செய்யப் போறோம்."

"சரி, செய்யுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. போட்டியில எத்தனை தடவை ரோபோவை ஓட்டினீங்க?"

"மூணு தடவை."

"மார்க்?"

"முதல் தடவை 245, ரெண்டாவது 130, மூணாவது 180."

"அதே ரோபோதானே? அதே புரோகிராம்தானே? அப்புறம் ஏன் மூணு விதமா மார்க் வந்துச்சு?"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் வரவில்லை.

குழந்தைகளே, என் கட்சி இதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் வரை ரோபோவில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது!

அது என்ன போட்டி?

தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தப் போட்டியின் பெயர் ஃபர்ஸ்ட் லெகோ லீக். டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989-ல் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் ஆசை வர வேண்டும் என்பது அவர் எண்ணம். 1998-ல் அவரும் டென்மார்க்கின் லெகோ நிறுவனமும் கைகோத்துச் சின்னப் பிள்ளைகளுக்காக இந்தப் போட்டியை உருவாக்கினார்கள். இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் நடக்கிறது. ஓர் அணியில் 10 பேர் வரை இருக்கலாம்.

லெகோ என்றால் உங்களுக்குத் தெரியும். ஒன்றோடு ஒன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகள். அவற்றோடு மோட்டார், சென்சார், சின்னக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து ரோபோ கட்ட வேண்டும். 2 மீட்டர் 36 சென்டிமீட்டர் நீளமும், 1 மீட்டர் 14 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மேசையில் போட்ட விரிப்பின் மேல் அது ஓட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருப்பொருள் உண்டு. 2024-25-ல் கடல்! விரிப்பு முழுவதும் பவளப்பாறை, சுறா, திமிங்கிலம், கப்பல் என்று லெகோவில் செய்த மாதிரிகள் இருந்தன. அவற்றில் ரோபோ பல வேலைகளைச் செய்ய வேண்டும். கிரில் என்ற குட்டிக் கடல் உயிரியின் மாதிரிகளைக் கொண்டுபோய்த் திமிங்கிலத்துக்குத் தீனி போடுவதும் ஒரு வேலை.

நேரம் எவ்வளவு தெரியுமா? இரண்டரை நிமிடம்! அதாவது 150 வினாடி. ரிமோட் கிடையாது. பட்டனைத் தட்டி அனுப்பிவிட்டால் ரோபோ தானாகவே போக வேண்டும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் கையால் எடுத்து வரலாம். ஆனால் ஒரு டோக்கன் போய்விடும். ஆரம்பத்தில் ஆறு டோக்கன் தருவார்கள். கடைசியில் ஆறோ ஐந்தோ மிச்சம் இருந்தால் 50 மதிப்பெண். நான்கு இருந்தால் 35. மூன்று என்றால் 25. ஆகவே தடுமாறும் ரோபோ இரண்டு பக்கமும் நஷ்டப்படுத்தும். வேலையும் முடியாது, டோக்கனும் போகும்!

மூன்று சுற்று ஓட்டலாம். அதில் எது அதிகமோ அதுதான் கணக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு 245 கிடைத்தது இப்படித்தான். "அதிர்ஷ்டம் இருந்தால் 245, இல்லாவிட்டால் 130" என்று ஓடுகிற ரோபோவை நம்பி அடுத்த சுற்றுக்குப் போகலாமா?

அவரை விதை சொன்ன பாடம்

பிள்ளைகள் பதில் சொல்லாமல் நின்றார்கள் அல்லவா? அப்போது எனக்கு என் பழைய ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

செடி வளர என்னென்ன தேவை என்று ஒரு பாடம் உண்டு. நான் அதை வாயால் நடத்த மாட்டேன். நான்கு கொட்டாங்குச்சிகளில் அவரை விதை போடச் சொல்வேன். ஒன்றுக்கு மண், தண்ணீர், வெயில் எல்லாம் உண்டு. ஒன்றுக்குத் தண்ணீர் மட்டும் கிடையாது. ஒன்றை முளைத்த பிறகு இருட்டு அலமாரியில் வைப்போம். ஒன்றில் மண்ணுக்குப் பதில் வெறும் மணல்.

ஒரு வருடம் ஒரு துடுக்குப் பையன் என்ன செய்தான் தெரியுமா? தன் கொட்டாங்குச்சியில் மணலும் போட்டான். தண்ணீரும் விடவில்லை. அலமாரியிலும் வைத்துவிட்டான். விதை முளைக்கவே இல்லை. "எதனால் முளைக்கவில்லை?" என்று கேட்டேன். விழித்தான். எப்படித் தெரியும்? மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டானே!

ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அப்போதுதான் எதனால் என்ன நடந்தது என்று தெரியும். செடிக்கு இது சரி என்றால், ரோபோவுக்கும் சரிதானே?

"பிள்ளைகளா, பிடுங்கின கையை மறுபடியும் மாட்டுங்க. ஒரு 80 பக்க நோட்டு எடுங்க" என்றேன்.

முணுமுணுத்தார்கள். ஆனாலும் மாட்டினார்கள். முறுக்குக்காக இருக்கலாம்!

பத்து தடவை ஓட்டினோம்

முதலில் எதையும் மாற்றவில்லை. திமிங்கிலத்துக்குத் தீனி போடும் புரோகிராமை மட்டும் எடுத்துக்கொண்டோம். பத்து தடவை ஓட்டச் சொன்னேன். சரியாகப் போனால் ஒரு 'டிக்'. தவறினால் எங்கே நின்றது, எந்தப் பக்கம் எத்தனை விரற்கடை விலகியது என்று எழுத வேண்டும்.

பத்தில் நான்கு டிக்தான் விழுந்தது.

பிள்ளைகள் அதிர்ந்து போனார்கள். "நல்லாத்தான் ஓடுதுன்னு நினைச்சோமே தாத்தா!" என்றாள் என் பேத்தி. எண்ணிப் பார்க்காத வரை எல்லாம் நன்றாகத்தான் ஓடும்! நன்றாக ஓடியது மனசில் நிற்கும். தவறியதை "அது என்னவோ ஆயிடுச்சு" என்று மறந்துவிடுவோம். நோட்டு மறக்காது.

பிறகு யார் யார் மேல் சந்தேகம் என்று பட்டியல் போட்டோம். பேட்டரி இறங்கியிருக்கலாம். சக்கரத்தில் தூசி ஒட்டி வழுக்கலாம். கிளம்பும் இடத்தில் ரோபோவைக் கோணலாக வைத்திருக்கலாம்.

முதல் நாள் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து பத்து தடவை ஓட்டினார்கள். ஐந்து டிக். மறுநாள், அதே சார்ஜோடு சக்கரத்தை ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து ஓட்டினார்கள். அன்றும் ஐந்துதான். மூன்றாம் நாள் கிளம்பும் இடத்தைக் கவனித்தோம். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது! ஒவ்வொருவரும் ரோபோவைக் கண் அளவில் வைத்தார்கள். ஒருவர் வைத்தால் நேராக இருக்கும். இன்னொருவர் வைத்தால் மயிரிழை திரும்பியிருக்கும்.

மயிரிழைதானே என்று நினைக்காதீர்கள். ரோபோ 2 டிகிரி திரும்பி நின்றால், 1 மீட்டர் போவதற்குள் மூன்றரை சென்டிமீட்டர் விலகிவிடும். திமிங்கிலத்தின் வாயைத் தாண்டிப் போக அது போதும்!

பிள்ளைகள் லெகோ கட்டைகளாலேயே 'ட' வடிவத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அதற்கு ஜிக் என்று பெயராம். சட்டத்தை மேசை ஓரச் சுவரோடு ஒட்டி வைத்து, ரோபோவை அதில் சாத்தி நிறுத்தி, சட்டத்தை எடுத்துவிட வேண்டும். யார் வைத்தாலும் ஒரே இடம், ஒரே திசை. மறுபடி பத்து தடவை ஓட்டினார்கள். ஒன்பது டிக்!

மாடி அறையில் எழுந்த சத்தத்தைக் கேட்டு எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இதைக் கவனியுங்கள். நீளக் கை எதுவும் மாட்டவில்லை. விலை கொடுத்து எதுவும் வாங்கவில்லை. ஏழெட்டுக் கட்டைகளில் நான்கு, ஒன்பதாகிவிட்டது. மூன்றையும் ஒரே நாளில் செய்திருந்தாலும் ஒன்பது வந்திருக்கலாம். ஆனால் எதனால் வந்தது என்று தெரிந்திருக்காது. போட்டி நாளில் ஒன்று பிசகினால் எங்கே கை வைப்பது என்றும் தெரியாது.

இன்னும் சில திருடர்கள்

அடுத்த நாட்களில் இன்னும் சில திருடர்கள் அகப்பட்டார்கள்.

ஒரு புரோகிராமில் "2 வினாடி முன்னே போ" என்று எழுதியிருந்தார்கள். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த 2 வினாடியில் அதிக தூரம் போனது. இறங்கியிருந்தால் குறைந்த தூரம்தான். வினாடிக்குப் பதில் சக்கரச் சுற்றில் கணக்குப் போடச் சொன்னேன். அவர்கள் சக்கரத்தின் விட்டம் 56 மில்லிமீட்டர். அதை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு 176 மில்லிமீட்டர் சொச்சம் குறைய வரும். ஐந்து சுற்றுச் சுற்றினால் கிட்டத்தட்ட 88 சென்டிமீட்டர். "வட்டத்தின் சுற்றளவு எதுக்குப் படிக்கிறோம்னு இப்பத்தான் தெரியுது" என்றான் ஒரு பையன். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இன்னொரு தட்டு முறுக்குக் கொண்டுவந்தேன்!

ரோபோவுக்குள் கைரோ என்று ஒரு சென்சார் இருக்கிறது. எவ்வளவு திரும்பினோம் என்று அது சொல்லும். ஆனால் அளவைப் பூஜ்யமாக்கும் நேரத்தில் ரோபோ ஆடாமல் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பதற்றத்தில் பட்டனை அழுத்தும்போதே ரோபோவை அசைத்துவிட்டார்கள். "அழுத்து, கையை எடு, ஒண்ணு ரெண்டு எண்ணு" என்று பழகினார்கள். புரோகிராமிலும் கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி வைத்தார்கள்.

நிறம் பார்க்கும் சென்சாருக்கு வேறு தொல்லை. பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்புக் கோட்டைக் கண்டுபிடித்தது. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் தடுமாறியது. போட்டி நடக்கும் மண்டபத்தில் வெளிச்சம் எப்படி இருக்குமோ! அதனால் சென்சாரைத் தரைக்கு அருகில் இறக்கி, சுற்றிலும் கட்டைகளால் மறைப்புக் கட்டினார்கள். மண்டபத்துக்குப் போனதும் அங்கேயே கறுப்பையும் வெள்ளையையும் ஒரு முறை அளந்துகொள்வது என்றும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"அப்படின்னா புதுசா எதுவுமே செய்யக் கூடாதா?"

என் பேத்தி கோபமாகக் கேட்டாள். நியாயமான கேள்வி. புதிதாகச் செய்யலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ஒரு வேலைக்கு 30 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். புதுக் கை அதைப் பத்தில் மூன்று தடவைதான் சரியாகச் செய்கிறது. அப்படியானால் சராசரியாக ஒரு சுற்றுக்கு 9 மதிப்பெண். இன்னொரு வேலைக்கு 20 மதிப்பெண்தான். ஆனால் பத்தில் ஒன்பது தடவை முடிக்கிறது. சராசரி 18. எது லாபம்? பெரியது எப்போதும் லாபம் இல்லை!

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பிள்ளைகள் நீளக் கையை விட்டுவிட்டு, சுறா பக்கத்தில் ஒரே ஒரு சின்ன வேலைக்கு மட்டும் புதிய கருவி செய்தார்கள். அதையும் பத்து தடவை ஓட்டி, எட்டு டிக் வந்த பிறகுதான் சேர்த்தார்கள்.

நடுவில் ஒரு சோகமும் நடந்தது. குழுவில் இருப்பவர்களிலேயே சின்னவன் ஒரு பையன். ஆறாம் வகுப்பு. ஒரு புரோகிராமைத் திருத்தி, பழையதன் மேலேயே சேமித்துவிட்டான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது போய்விட்டது! திருத்தியது ஓடவில்லை. பையன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். "நான் டீமை விட்டுப் போயிடறேன் தாத்தா" என்றான்.

மற்றவர்கள் திட்டுவார்களோ என்று பயந்தேன். என் பேத்தி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனை சுற்று, எத்தனை டிகிரி எல்லாம் அதில் இருந்தன. இருவரும் இரண்டு நாளில் புரோகிராமைத் திரும்ப எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார்கள். புரோகிராமைத் திருத்தினால் தேதி போட்டுப் புதுப் பெயரில் சேமிக்க வேண்டும். ரோபோவில் கை வைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். திரும்பி வர வழி இருந்தால்தான் தைரியமாகப் புதிய பாதையில் போகலாம்.

அந்தச் சின்னவன் குழுவை விட்டுப் போகவில்லை. அவன்தான் அதன் பிறகு நோட்டுக்குக் காவல்காரன்!

பையில் போட்டுக் கட்டிய ரோபோ

இப்போது அமெரிக்காவில் நடந்த ஒரு கதை.

அதே ஃபர்ஸ்ட் அமைப்பு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு பெரிய ரோபோ போட்டி நடத்துகிறது. 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு தொடங்கியது அது. அந்த ரோபோக்கள் 50 கிலோவுக்கு மேல்கூட எடை இருக்கும்.

ஜனவரியில் விளையாட்டு என்ன என்று அறிவிப்பார்கள். ஆறு வாரத்துக்குள் ரோபோவைக் கட்ட வேண்டும். அந்த நாள் முடிந்ததும் ரோபோவைப் பெரிய பையில் போட்டு, எண் போட்ட முத்திரை மாட்டி மூடிவிட வேண்டும். அதற்கும் முந்திய ஆண்டுகளில் பெட்டியில் அடைத்துப் போட்டி நடக்கும் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். இஷ்டப்பட்ட நேரத்தில் திறக்க முடியாது. திருத்த வேண்டிய பாகங்களை வெளியே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் எடைக் கணக்கு உண்டு. பல ஆண்டுகள் 30 பவுண்டு, அதாவது சுமார் 13 கிலோ 600 கிராம்தான்.

இதனால் என்ன ஆயிற்று? வசதியுள்ள அணிகள் அதே மாதிரி இரண்டாவது ரோபோ கட்டி வைத்துக்கொண்டு பயிற்சி செய்தன. வசதி இல்லாத அணிகள் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. 2019 வரை இருந்த இந்த விதியை 2020 பருவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது போட்டிகளுக்கு நடுவே எல்லாரும் தங்கள் ரோபோவைத் திருத்தலாம்.

எடுத்தது நல்லது என்றுதான் நானும் சொல்வேன். ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு வேண்டாமா? ஆனால் பையில் ஒரு நன்மையும் இருந்தது. "போதும், நிறுத்து" என்று அது சொன்னது. இப்போது அதைச் சொல்ல யாரும் இல்லை. பிள்ளைகள் போட்டிக்கு முந்திய ராத்திரி வரை எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

அதனால் என் யோசனை இது. உங்கள் பையை நீங்களே கட்டுங்கள்! கடைசி ஒரு வாரம் ரோபோவில் எந்த மாற்றமும் கூடாது. ஓட்டிப் பழகுவது மட்டும்தான். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் செய்தார்கள். நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்தது. இரண்டு வாரம் ரோபோவைத் தொடவில்லை. பொங்கல் லீவில் விட்டதைப் பிடித்தார்கள். லீவு முடிந்ததும் நோட்டில் சிவப்பு மையில் கோடு கிழித்தார்கள். "இனிமேல் மாற்றம் இல்லை" என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு பிள்ளையின் அப்பா இன்ஜினீயர். நல்ல மனிதர். ஒரு ராத்திரி ரோபோவைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், விடிய விடிய உட்கார்ந்து முன்பக்கத்தைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். அருமையாக ஓடியது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், "ஏன் இங்கே சின்னப் பல்சக்கரம், அங்கே பெரிய பல்சக்கரம்?" என்று சும்மா கேட்டேன். பிள்ளைகள் ஆறு பேரும் ஒரே குரலில், "அங்கிள் வச்சாரு" என்றார்கள்.

இந்தப் போட்டியில் ரோபோ ஓட்டம் நாலில் ஒரு பங்குதான். ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள் என்று நடுவர்கள் பிள்ளைகளிடம் கேட்பார்கள். அதற்குத் தனியாக மதிப்பெண். எதைச் சோதித்தீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்பதும் அதில் ஒரு கேள்வி. "அங்கிள் வச்சாரு" என்ற பதிலுக்கு அங்கே என்ன மதிப்பு?

மதிப்பெண்ணை விடுங்கள். அந்த ஒரு ராத்திரியில் பிள்ளைகளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம்? தவறி, யோசித்து, தாங்களே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை! அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தம்பி, கேள்வி கேளுங்க. பதிலை அவங்ககிட்ட விட்டுடுங்க." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் போட்டோவைப் பார்த்துப் பழைய முன்பக்கத்தை மாட்டினார்கள். பிறகு அவர் வந்து பல்சக்கரம் எப்படி வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்டுகிறது என்று பாடம் நடத்தினார். பிள்ளைகள் தாங்களே ஒன்று செய்தார்கள். அவர் செய்த அளவுக்கு அழகாக இல்லை. ஆனால் ஏன் அப்படி என்று ஆறாம் வகுப்புப் பையன்கூடச் சொன்னான்.

முடிவு என்ன ஆயிற்று?

"ஜெயித்தார்களா?" என்றுதானே கேட்கிறீர்கள்? கோப்பை கிடைக்கவில்லை. அவர்களைவிடக் கெட்டிக்கார அணிகள் நிறைய வந்திருந்தன.

ஆனால் மூன்று சுற்று மதிப்பெண்ணையும் கேளுங்கள். 260, 245, 260. முன்பு 130-க்கும் 245-க்கும் நடுவே துள்ளிக்கொண்டிருந்த ரோபோ, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது! இரண்டாவது சுற்றில் ஏன் 15 குறைந்தது என்று யாரும் என்னிடம் விழிக்கவில்லை. ஒரு கருவியைச் சரியாக மாட்டவில்லை, அதனால் ஒரு டோக்கன் கூடுதலாகப் போனது என்று போனிலேயே சொன்னார்கள்.

நடுவர்கள் அந்த 80 பக்க நோட்டைப் புரட்டிப் பார்த்தார்களாம். நோட்டைப் பற்றி விளக்கியது யார் தெரியுமா? படியில் உட்கார்ந்து அழுதானே, அந்தச் சின்னவன். தான் புரோகிராமை அழித்த பக்கத்தையும் மறைக்காமல் காட்டினானாம்.

குழந்தைகளே, உங்களில் நிறையப் பேரிடம் ரோபோ இருக்காது. அதன் விலையும் அதிகம். கவலைப்படாதீர்கள். என்னிடம் படித்த பிள்ளைகளிடமும் இருந்ததில்லை. காகித விமானம் இருக்கிறதா? பட்டம் இருக்கிறதா? பேச்சுப் போட்டி, ஓட்டப் பந்தயம், அறிவியல் கண்காட்சி இருக்கிறதா? பத்து தடவை செய்து பாருங்கள். எத்தனை சரி என்று எண்ணுங்கள். தவறியதை எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறுபடி பத்து தடவை. இதற்கு வேண்டியது ஒரு நோட்டும் பென்சிலும்தான்.

இனி உங்கள் தீர்ப்பு. இரண்டு போட்டிகளுக்கு நடுவே புதுக் கை மாட்டுவீர்களா, நோட்டை எடுப்பீர்களா? பதில் சொல்வதற்கு முன்னால், உங்கள் காகித விமானத்தைப் பத்து தடவை பறக்கவிட்டு எண்ணிப் பார்த்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்!